சவர்க்காரம் தேய்த்த வில்

மாமாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அம்மாவின் தம்பி, தங்கமான மனிதர், ஊருக்கு உழைத்தவர் என்று எங்கள் ஊர் குருக்கள்மடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லட்டும். என் வயலின் வில்லில் குளிக்கிற சவர்க்காரம் தேய்த்தவர் அவர்தான்.

பதினைந்து பேர் மட்டுமே கொண்ட ஓர்கெஸ்ட்ரா ஒன்று மாதம் ஒருமுறை கொழும்பிலிருந்து வந்து எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வயலின் பழக்கியது. வயலினும் அவர்களே தந்தார்கள். வாடகைக்கு வான் பிடிப்பது, சோற்றுப் பார்சல் கட்டுவிப்பது, பிள்ளைகளை வீடு வீடாகப் போய்க் கூட்டிவருவது எல்லாம் மாமா. வயலினை அவர் தொட்டதே இல்லை. ஆனால் எங்களுக்குப் பழக்கிய கொழும்பு மிஸ் எதைச் சொன்னாலும் தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

எனக்குப் பதினொரு வயது. அம்மா குவைத்தில் வீட்டுவேலை செய்தார். போனில் வாசித்துக் காட்டினால் பாதியில் லைன் அறுந்துவிடும். மூன்று வருடம் கழித்து அவர் லீவில் வந்த கிழமையில்தான் மட்டக்களப்பில் எங்கள் கச்சேரி. அம்மா முதன்முதலாக நேரில் கேட்கப்போகிறார். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

வில்லில் ரோசின் என்கிற பிசின் கட்டியைத் தேய்த்தால்தான் வயலினில் சத்தம் வரும். சவர்க்காரம் பட்டால் ஊமை. அன்று காலை, "துடைச்சுத் தாறன் மருமகள்" என்று மாமா என் வில்லை வாங்கிப் போயிருந்தார். மேடையில் இழுத்தேன். ஒன்றுமில்லை. அழுத்தி இழுத்தேன். அப்போதும் இல்லை. சுற்றிலும் பாட்டு ஓடிக்கொண்டிருக்க, நான் சும்மா கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வகுப்புக்குக் காசு உதவி தந்தவர்கள் முன்வரிசையிலிருந்து படம் எடுத்தார்கள். படத்துக்கு நாங்கள் வேண்டும், காதுக்கு வேண்டாம்!

இறங்கியதும் மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"சுருதி பிசகுற நாலு பேருக்கு அப்பிடிச் செய்யச் சொல்லி மிஸ்தான் சொன்னா. வந்த ஆக்களுக்குப் பிடிக்காட்டி வகுப்பையே நிப்பாட்டிப் போடுவாங்க" என்றார். அந்த நாலு பேரில் நானா?

அதற்குள் அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டார். "உன்ட சத்தம் மட்டும் எனக்குத் தனியாக் கேட்டது மகள்."

"பொய்! என்ட வில்லுல சத்தமே வரல்ல" என்று மண்டபம் கேட்கக் கத்தினேன். அம்மா கையை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு மாமா வேறு வில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அம்மா என் எதிரில் பாயில் உட்கார்ந்தார். "இப்ப வாசி மகள், நான் கேக்கிறன்."

"மாட்டன்" என்றேன். அதே மண்டபத்தில், எல்லாரும் பார்க்க, மிஸ் மன்னிப்புக் கேட்டால்தான் வாசிப்பேன் என்றேன். அடுத்த நாளும் அம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டார். லீவு முடியும்வரை கேட்டார். நான் பெட்டியைத் திறக்கவே இல்லை. நியாயம் என் பக்கம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அம்மா அடுத்த முறை வருவதற்குள் வகுப்பும் நின்றுபோய், வயலின்களையும் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெரிய மண்டபத்துக்கு என் வயலினைக் கேட்க வந்தவர் ஒரே ஒருவர்தான், அவர் அந்தப் பாயில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.