சாமி அடி மட்டும் வேண்டாம்

பஹ்ரைனில், குதைபியாவில் நாங்கள் வாசிக்கிற பாருக்கு வெள்ளிக்கிழமை மதியம் வந்து பார்த்தால், இதெல்லாம் ஒரு பாரா என்று தோன்றும். ராத்திரியானால் சவுதியிலிருந்து பாலம் தாண்டிக் கூட்டம் வரும், பிலிப்பைன்ஸ் பேண்டு பாடும், நிற்க இடம் இருக்காது. மதியத்தில் ஈ ஓட்டுவார்கள். அதனால்தான் எங்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. மேடையில் இல்லை. கிச்சன் கதவை ஒட்டின மூலையில் ஒரு வட்ட மேஜை, நாலு நாற்காலி, தலைக்கு நேரே சொட்டுகிற ஒரு ஏசி.

நாங்கள் நாலு பேர். உறுமி அடிப்பவர் தேனிப் பக்கம், சித்ரா தீவில் கிரேன் ஓட்டுகிறார். தவில்காரருக்குக் கோவில்பட்டி, இங்கே சின்னதாக ஒரு லாண்டிரி வைத்திருக்கிறார். பாடுகிறவர் நாகர்கோவிலைச் சேர்ந்த ஒரு நர்ஸம்மா. கையில் ஜால்ரா, முன்னால் ஆரஞ்சு ஜூஸ். நான் சேலத்துக்காரன். ஏசி டக்ட்டுக்குப் படம் வரைவது பிழைப்பு, உடுக்கை அடிப்பது ஆசை.

எங்களுக்குக் கேட்க ஆள் வேண்டாம். யாராவது வந்து செல்போனைத் தூக்கிப் பிடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாளம் தப்பிக் கை தட்டுகிறவர்களைக் கண்டால் எழுந்து போய் இரண்டு கேள்வி கேட்கத் தோன்றும். நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுத்து வாசிக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு எதிரே ஆள் உட்கார்ந்திருந்தால் பாதி போய்விடும்.

சந்தோஷம் என்கிறேனே தவிர, பாதி நேரம் சண்டைதான். "எங்கூர்ல இது இப்படி இல்லண்ணே" என்று உறுமிக்காரர் ஆரம்பிப்பார். "உங்கூர்ல எதுதான் ஒழுங்கா இருக்கு" என்பார் தவில்காரர். அவர் ஊரில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாசிக்கிறது இவர் ஊரில் தேர் இழுக்க வாசிக்கிறது. என் ஊரில் மாரியம்மனுக்கு அடிக்கிற அடியைக் கேட்டு நர்ஸம்மா, "இது எங்களுக்க ஊருல சும்மா பொழுதுபோக்குக்காக்கும்" என்று சொன்ன அன்றைக்கு நான் அவரோடு சாயங்காலம் வரைக்கும் பேசவில்லை. கடைசியில் நாலு ஊரும் கலந்து ஏதோ ஒன்று வரும். அது நன்றாகவே இருக்கும்.

இடத்தைக் கொடுத்தவர் பார் மேனேஜர். கறுப்புக் கோட்டு, சட்டையில் பேட்ஜ், படிய வாரின தலை. அவர் தமிழர் என்று கண்டுபிடிக்கவே எங்களுக்கு மாதக் கணக்கானது. எங்களிடம் இங்கிலீஷைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டார். முதல் நாளே மூன்று நிபந்தனை போட்டார். தவில் மேல் துண்டு போட்டுத்தான் அடிக்க வேண்டும். ஆறு மணிக்கு மேஜையைக் காலி செய்துவிட வேண்டும். மூன்றாவதை மட்டும் குரலைத் தாழ்த்தித் தமிழில் சொன்னார்.

"சாமி அடி மட்டும் வேண்டாம், சார்."

சாமியாடிகளுக்கு அருள் வர அடிக்கிற அடியைச் சொல்கிறார். குடிக்கிற இடத்தில் தெய்வக் குற்றம் ஆகிவிடும் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டோம். மனிதர் நல்லவர் என்று சரி சொன்னோம்.

காரணம் அது இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. நர்ஸம்மாவிடம் மட்டும் அவர் கொஞ்சம் வாய் திறப்பார். மேனேஜருக்குத் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு ஊர். குடும்பக் கோயில் சுடலைமாடனுக்கு ஆடி மாதம் கொடைத் திருவிழா. அவருடைய அப்பா மேல் வந்துகொண்டிருந்த சாமி, அப்பா போன பிறகு இவர் மேல்தான் வருகிறது. வேறு யார் மேலும் வரவில்லை. மூன்று வருஷமாக இவர் கொடைக்குப் போகவில்லை. மேளக்காரர்கள் அடித்து ஓய்ந்து, சாமி வராமலே படைப்பைப் பிரித்துக்கொண்டு கலைந்திருக்கிறார்கள். இந்த வருஷமும் இவர் வராவிட்டால் கொடையை நிறுத்திவிடலாம் என்று ஊரில் பேச்சு.

"லீவு கேக்க வேண்டியதுதானே?" என்றேன் நர்ஸம்மாவிடம்.

"கேக்காமலா? ஆடி மாசம்னா இங்க பாதி ஸ்டாஃப் லீவுல போயிருவாங்க. நீயும் போனா பாரை யாரு பாப்பான்னு முதலாளி முடியாதுன்னுட்டாரு. இந்த வருசமும் அதே பதிலாக்கும்."

முதலாளி வயதான பஹ்ரைனி. வெள்ளை அங்கி, கையில் ஜெபமாலை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, ரிசப்ஷனில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். பாருக்குள் எட்டிப் பார்த்துக்கூட நாங்கள் பார்த்ததில்லை. அன்றைக்கே அவர்மேல் எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கோபப்படுவதால் யாருக்கும் லீவு கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஆடி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை. வெளியே காலை வைக்க முடியாத வெயில். உறுமிக்காரர் தன் ஊரில் மஞ்சுவிரட்டுக்கு முன்னால் வாசிக்கிற ஒன்றை எடுத்தார். கோலால் தோலை அழுத்தி இழுத்தால் உள்ளுக்குள்ளேயே உறுமுகிற இழுப்பு. தவில்காரர் தன் ஊரின் மாப்பிள்ளை அழைப்பை அதன்மேல் கொண்டுவந்து வைத்தார். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அதில் நான் என் மாரியம்மன் அடியைச் செருகினேன். மூன்றும் தனித்தனியே பார்த்தால் ஒரு பாவமும் அறியாதவை. ஆனால் சேர்ந்து ஓட ஆரம்பித்ததும் நர்ஸம்மா பாடுவதை நிறுத்திவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது, நல்ல இடத்தில் நிறுத்துகிறாரே என்று. அவர் எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் ஒரு தட்டில் லைம் சோடாவோடு வந்துகொண்டிருந்தார். "சார், வால்யூம்..." என்றார். வழக்கமான ப்ளீஸ் வரவில்லை. தட்டு கீழே விழுந்து கண்ணாடி நாலாபக்கமும் சிதறியது. படிய வாரின தலை கலைந்து நெற்றியில் விழுந்தது. கோட்டைக் கழற்றி எறிந்தார். அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

"ஏல! எவம்ல என்னய இங்க கூப்ட்டது?"

மூன்று ஊர் அடியும் கலந்து, நாங்களே அறியாமல், திருச்செந்தூர்ப் பக்கத்துச் சாமி அடியைக் கண்டுபிடித்திருந்தோம். உறுமிக்காரர் கோலைத் தூக்கிவிட்டார். சரியாக அந்த நேரம், கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டு, முதலாளி உள்ளே வந்து நின்றார்.

தீர்ந்தது என்று நினைத்தேன். லீவு கேட்ட மனிதனுக்கு வேலையே போகப் போகிறது, அதுவும் எங்களால். பாரின் நடுவில் சட்டைப் பித்தான் தெறிக்க ஆடுகிற மேனேஜரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? வாசிப்பை நிறுத்தி எழுந்துவிடலாம் என்று உடுக்கையைக் கீழே இறக்கினேன்.

"மாஃபி பந்த்!" என்று கத்தினார் முதலாளி. நிறுத்தாதே என்கிறார். "மாஃபி பந்த்! யல்லா, பஜாவ்!"

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை மட்டும் தானாக அடிக்க ஆரம்பித்துவிட்டது. அவர் கண்ணாடித் துண்டுகளை மிதிக்காமல் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து எங்கள் மேஜை பக்கத்தில் நின்றார். பாதி அரபியும் பாதி ஹிந்தியுமாகச் சொன்னார். முஹர்ரக் ஊரில் அவர் வளர்ந்த சந்தில் ஒரு கொட்டு வீடு உண்டாம். அங்கே கொட்டுக்குள் போனவர்கள் கொட்டு வழியாகத்தான் திரும்பி வர வேண்டுமாம். நடுவில் நிறுத்தினால் ஆள் கெட்டுப் போவானாம். இதையே என் ஊரிலும் சொல்வார்கள். நான் அந்த மனிதரை முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தேன்.

"என்ன வேணும்னு கேள்" என்று என்னிடம் சொன்னார். "அதுக்கு ஏதோ வேணும். அதனாலதான் வந்திருக்கு."

அதுதான் எங்கள் வழக்கமும். உடுக்கையை விடாமல், "சாமி, என்ன குறை? வாய் திறந்து சொல்லும்" என்று கேட்டேன்.

ஷெல்ஃப் நிறைய பாட்டில்கள் வரிசையாக நின்றன. சாராயம் படைத்துக் கும்பிடுகிற சாமி அது. ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை.

"எம் பிள்ளய மூணு வருசமா எவம்ல இங்க கெட்டிப் போட்டுருக்கது? நா எங்க போயி எறங்குவேன்? எனக்கு எடம் எங்கல?"

"என்ன சொல்லுது?" என்றார் முதலாளி. நர்ஸம்மா என் காலை மேஜைக்கு அடியில் மிதித்தார், கொஞ்சம் மழுப்பிச் சொல் என்று. நான் மழுப்பவில்லை. என் ஓட்டை ஹிந்தியில் ஒன்றுவிடாமல் சொன்னேன். என் பிள்ளையை மூன்று வருஷமாகக் கட்டிப் போட்டிருப்பது யார் என்று கேட்கிறது. இவரை விட்டால் அதற்கு வந்து இறங்க வேறு இடம் இல்லையாம். ஊரில் அடித்து அடித்து ஓய்ந்து போகிறார்களாம்.

முதலாளி ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். எங்கள் மூன்று பேர் கையும் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் முகத்தில் கோபம் வருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான்தான் என்று சொல்" என்றார். "தெரியாமல் செய்தேன். போகட்டும். நான் அனுப்புகிறேன்."

தமிழில் சொன்னேன். சாமி ஆட்டத்தை நிறுத்தி அவரையே உற்றுப் பார்த்தது. பார் கவுண்டரில் ராத்திரிக்காக வைத்திருந்த கூடையில் கை விட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தது. வாக்குக் கொடுத்தவர் கையில் பழத்தைக் கொடுப்பது முறை. முதலாளி என்னைப் பார்த்தார். வாங்கிக்கொள்ளுங்கள் என்று தலையசைத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி அங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நர்ஸம்மா ஹேண்ட்பேகில் எப்போதும் வைத்திருக்கிற திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து மேனேஜரின் நெற்றியில் பூசினார். நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைத்துச் சாமியை மலையேற்றினோம்.

அவர் என் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். முதலாளியைப் பார்த்ததும் எழுந்து, "சாரி சார், சாரி சார்" என்று தரையில் பேட்ஜைத் தேட ஆரம்பித்தார். முதலாளி அவர் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, என்றைக்கு டிக்கெட் போட வேண்டும் என்று கேட்டார். மேனேஜர் எங்களைப் பார்த்தார். "நான் ஏதாவது பேசிட்டனா சார்?" என்று தமிழில் கேட்டார். நான் ஒன்றுமில்லை என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏசித் தண்ணீர் என்று சமாளித்தேன்.

நிஜமாகவே சாமி வந்ததா, மனிதர் மூன்று வருஷத்து ஆற்றாமையைக் கொட்டினாரா என்று தவில்காரரும் உறுமிக்காரரும் இன்றைக்கும் மல்லுக்கு நிற்கிறார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. கோட்டில்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்தது, அது போதும்.

கொடை ஒரு வெள்ளிக்கிழமையில் விழுந்தது. அன்றைக்கு நாங்கள் வாசிக்கத் தொடங்கும்போது முதலாளி தானே ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எங்கள் மூலையில் டீயோடு உட்கார்ந்தார். எதிரே ஆள் உட்கார்ந்தால் எனக்குப் பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா? அவர் வந்ததில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அவருக்கு டீ இறங்கவில்லை.

"திரும்பி வருவானா?" என்று இரண்டு தடவை கேட்டார். பாரை அவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அவர் அதற்காகக் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.

நர்ஸம்மாவின் போன் அடித்தது. வீடியோ கால். திரையில் ஒரே இரைச்சல், மேளம், பந்தல், புகை. நடுவில் மேனேஜர், வெற்றுடம்பு முழுக்கத் திருநீறு, கழுத்தில் மாலை, தலையெல்லாம் கலைந்து கிடந்தது. கத்திப் பேசினார், ஒரு இங்கிலீஷ் வார்த்தை இல்லை.

"சாமி வந்துட்டு சார்! மூணு வருசத்துக்கும் சேத்து வந்துட்டு! நா அடுத்த வாரம் வந்துருவேம்னு மொதலாளிட்ட சொல்லுங்க. எங்க அம்மையும் அவர ரொம்ப விசாரிச்சான்னு சொல்லுங்க!"

நான் ஹிந்தியில் சொன்னேன். முதலாளி அங்கிப் பைக்குள் கையை விட்டு, காய்ந்து சுருங்கிப் பழுப்பேறிப் போன அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தார். போனுக்கு நேரே தூக்கிக் காட்டினார்.