உபதேசியார் ஏன் மணி அடிக்கவில்லை?

இல்லாத ஒரு சிலிங்கை நீங்கள் அண்ணாந்து பார்த்ததுண்டா?

நான் பார்த்தேன். சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, மலேசியாவில் சுங்காய்ப் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துச் சின்ன சர்ச்சுக்குள். எனக்குப் பக்கத்தில் ரூபி அக்கா. எங்களுக்கு முன்னால், சர்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே செல்வி. எதிரில் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுக் கடை வைத்திருப்பவள். சாவி அவளிடம்தான் இருக்கும்.

"இங்கதாண்ணே... இதுக்கு மேலதான் ஆம்பளைங்க எல்லாம் ஒளிஞ்சிருந்தாங்க. கீழ ஜப்பான்காரன் தேடுறான், மேல இவங்க மூச்சு விடாம படுத்திருக்காங்க" என்றாள் செல்வி.

அண்ணாந்து பார்த்தேன். தகரக் கூரை. அதற்குக் கீழே பலகை எதுவும் இல்லை, நாலைந்து உத்தரங்கள்தான். ஒரு புறா. அவ்வளவுதான்.

"சிலிங்கே இல்லியேம்மா?"

"அப்ப இருந்திச்சிண்ணே. அப்பறம் எடுத்துட்டாங்க லா."

ரூபி அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். நன்றாகவே வலித்தது. காரணம் இருக்கிறது. அந்த சிலிங்கைக் கட்டியதே அவர்தான் — பத்து காஜா ஊரில், தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், லேப்டாப்பில்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் புரியும்.

ரூபி அக்கா என்னுடைய இன்சூரன்ஸ் ஏஜண்ட். எனக்கு என்னென்ன வியாதி வரலாம், எந்தெந்த வகையில் நான் சாகலாம் என்பதையெல்லாம் என் மனைவியைவிட அதிகமாக யோசித்தவர். அப்படிப்பட்டவர் அறுபது வயதுக்கு மேல் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினார். அதில் ஒருவர்கூடச் சாகவில்லை!

அந்த நாவல்தான், கிறிஸ்தவ இலக்கிய அமைப்பு ஒன்று வரலாற்று நாவல்களுக்குக் கொடுக்கும் பரிசின் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. மொத்தம் மூன்று நாவல்கள். ஈப்போவில் ஒரு விழா வைத்து மூன்றையும் அறிமுகப்படுத்திவிட்டு, அன்றே முடிவையும் அறிவிப்பார்களாம். அறிமுக உரைக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிற ஆளுக்கு அங்கே என்ன வேலை? அதைத்தான் நானும் கேட்டேன். "வெளியிலேருந்து ஒருத்தர் படிச்சிட்டுப் பேசினா நல்லா இருக்கும்னு நெனச்சோம் சார்" என்றார்கள். சரி, படித்துத்தான் பார்ப்போமே என்று வாங்கிவந்தேன்.

உண்மையைச் சொன்னால், மூன்றையும் கீழே வைக்க முடியவில்லை. ஒன்று, ரோமானியர் காலத்தில் சாயம் தோய்க்கிற ஒரு பெண்ணின் கதை. இன்னொன்று, திருநெல்வேலிச் சீமையில் காலரா பரவியபோது நோயாளிகளோடு தங்கிவிட்ட ஒரு மருத்துவரின் மனைவியைப் பற்றியது. மூன்றாவது ரூபி அக்காவுடையது. மூன்றிலும் ஒரு ஒற்றுமையைக் கவனித்தேன். கடைசி அத்தியாயத்தில் மழை பெய்கிறது. வேண்டுதல் பலித்துவிடுகிறது.

ரூபி அக்காவின் கதை இதுதான். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துவைத்திருந்த யுத்த காலம். தாய்லாந்துக் காட்டில் பலரைப் பலிகொண்ட சயாம் ரயில்பாதை போடத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கூட்டம் வரும், அப்படியே லாரியில் ஏற்றிவிடலாம் என்று சிப்பாய்கள் காத்திருக்கிறார்கள். பாதிரியார் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்துகிற உள்ளூர்க்காரர் — உபதேசியார் — அதைத் தெரிந்துகொள்கிறார். அன்று மணி அடிக்காமல் இருந்துவிடுகிறார். ஆண்களையெல்லாம் முதல் நாளே சர்ச் சிலிங்குக்கு மேல் ஒளித்துவைத்துவிடுகிறார். எல்லாரும் பிழைத்துக்கொள்கிறார்கள். மழை பெய்கிறது.

"இது எங்கேருந்துக்கா கெடச்சது?" என்று காரில் போகும்போது கேட்டேன். விழாவில் காட்ட ஒரு சின்ன வீடியோ எடுக்கத்தான் இருவரும் சுங்காய்க்குப் போய்க்கொண்டிருந்தோம்.

"எங்கம்மா பொறந்தது அதுக்குப் பக்கத்துத் தோட்டம் தம்பி. அந்த சர்ச்சுல மணி இருக்கும், ஆனா அடிக்க மாட்டாங்க, ஜப்பான்காரன் காலத்திலேருந்தேன்னு சொல்வாங்க. ஏம்மான்னு கேட்டா, 'தெரியாது, போய்ப் படி'ம்பாங்க."

"அப்ப காரணம்?"

"நாந்தான் கண்டுபுடிச்சேன்!"

"எழுதறதுக்கு முன்னாடி அந்த சர்ச்சப் போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல தம்பி. இன்னிக்கித்தான் மொதல்ல பாக்கப் போறேன்."

அதுவும் நல்லதுக்குத்தான் என்று இப்போது தோன்றுகிறது. பார்த்திருந்தால் சிலிங் இருந்திருக்காது. சிலிங் இல்லாவிட்டால் நாவலே இருந்திருக்காது.

சர்ச்சைப் பூட்டிவிட்டு செல்வி எங்களைத் தன் கடைக்குக் கூட்டிப்போனாள். சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனைமரங்கள். பழைய ரப்பர் மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. வாசல் பக்கம் இரும்புச் சட்டத்தில் அந்த மணி தொங்கிக்கொண்டிருந்தது. கயிறு இல்லை.

செல்வி சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. கடையில் முருகன் படம்தான் மாட்டியிருக்கிறாள். ஆனாலும் உற்சாகமாகச் சொன்னாள். "இந்த புக் வந்ததிலேருந்து கோலாலம்பூர்லேருந்தெல்லாம் ஆளுங்க வராங்கக்கா. போட்டோ எடுக்கறாங்க. சிலபேரு அழுதுர்றாங்க. சர்ச் கமிட்டில ஒரு கல்லுகூட வைக்கப் போறாங்களாம். இங்கதான் ஒளிஞ்சாங்கன்னு எழுதி."

ரூபி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பாதி பெருமை. பாதி பயம்.

கடையின் ஓர மேசையில் ஒரு பெரியவர் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். எண்பதைத் தாண்டியவர். செல்வி அவரிடம் சத்தமாக, "சூசை தாத்தா, இந்த அக்காதான் அந்தக் கதைய எழுதினவங்க!" என்றாள்.

அவர் ரூபி அக்காவை நிதானமாகப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ தேடுகிற மாதிரி ஒரு பார்வை.

"நீங்கதானா... என் பேத்தி கோலாலம்பூர்ல இருக்கு. ஒங்க புக்கப் படிச்சிட்டு போன் பண்ணிச்சி. 'தாத்தா, எல்லாரும் ஒளிஞ்சி தப்பிச்சிட்டாங்களே, ஒங்கப்பா மட்டும் ஏன் போய் மாட்டுனாரு'ன்னு கேட்டிச்சி. நான் என்னம்மா சொல்றது?"

ரூபி அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "ஐயா... அது கதைங்கய்யா. நானா யோசிச்சி எழுதினது."

"பின்னால உண்மைச் சம்பவம்னு போட்டிருக்கேம்மா."

போட்டிருக்கிறதுதான். பின்னட்டையில், கொட்டை எழுத்தில். பதிப்பகத்தார் சேர்த்த வரி. ரயில்பாதை உண்மைதானே, மணி உண்மைதானே என்று ரூபி அக்காவும் விட்டுவிட்டாராம்.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு கேள்வி தொண்டையில் வந்து உட்கார்ந்துவிட்டால் நான் என்ன செய்ய?

"ஐயா, மணி அடிக்காதது உண்மைதானுங்களே?"

"உண்மைதான் தம்பி. அதுக்கப்பறம் அடிக்கல." கோப்பியை ஒரு வாய் குடித்தார். "அன்னிக்கி அடிச்சாரு."

செல்வி கரண்டியைக் கீழே வைத்தாள்.

சூசை ஐயா மெல்லச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழமகூட இல்ல. வார நாளு. வார நாள்ல மணி அடிச்சா யாரோ செத்துட்டாங்கன்னு அர்த்தம். வேதக்காரங்க, இந்துக்காரங்க, எல்லாந்தான் ஓடியாந்தாங்க, யாருக்கு என்னாச்சோன்னு. இங்க வந்து பாத்தா லாரி நிக்கிது. துப்பாக்கி வெச்சிக்கிட்டு நிக்கிறானுங்க. அப்படியே ஏத்திட்டானுங்க. எங்கப்பாவும் போனாரு. வரல. நான் அப்ப எங்கம்மா வயித்துல."

"உபதேசியாருக்கு லாரி வந்தது தெரியுமாங்கய்யா?" ரூபி அக்காவின் குரல் மிகச் சின்னதாக வந்தது.

"அதாம்மா தெரியாது. அடின்னான், அடிச்சாரு. தெரிஞ்சி அடிச்சாரா, தெரியாம அடிச்சாரா... மாட்டேன்னு சொல்லியிருந்தா அவரச் சுட்டிருப்பான். சொல்லியிருக்கணுமா? எனக்கு இந்த வயசாச்சி, இன்னும் யோசிச்சிக்கிட்டுதான் இருக்கேன்."

"அப்பறம் அவரு?"

"எங்கயும் போகல. இங்கயேதான் இருந்தாரு. கயித்த மட்டும் அவுத்துட்டாரு. அவருக்குப் பின்னால வந்தவங்களும் கட்டல. ஏன்னு கேக்கவும் இல்ல. பழகிப்போச்சி."

"ஒங்கம்மா சர்ச்சுக்குப் போறத நிறுத்திட்டாங்களா?"

பெரியவர் முதல்முறையாகச் சிரித்தார். "நிறுத்தறதா? ஒரு ஞாயித்துக்கெழம விட்டதில்ல. முன் பெஞ்சுலதான் ஒக்காருவாங்க, என்னத் தூக்கி மடியில வெச்சிக்கிட்டு. அவரு பிரசங்கம் பண்றப்ப அவரு கண்ணையே பாத்துக்கிட்டிருப்பாங்க. அவரும் ஒருநாளும் தலை குனிஞ்சதில்லன்னு சொல்வாங்க. பேசி முடிக்கிறவரைக்கும் அவரும் எங்கம்மாவத்தான் பாப்பாராம்."

மன்னித்தாரா, தண்டித்தாரா அந்த அம்மா? கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ரூபி அக்கா கேட்டது வேறு. "ஐயா, இத நான் மேடையில சொல்லலாமா?"

"சொல்லுங்க. என் பேத்தி கேக்கட்டும். ஆனா அவரக் கெட்டவரா ஆக்கிடாதீங்கம்மா. பேரு சொல்லாதீங்க. அவரு பேரன் லூமுட்டுல நேவியில இருக்காரு. கிறிஸ்மஸ்னா இங்க வருவாரு. எங்க வீட்லதான் சாப்பாடு."

"அவருக்கு இது...?"

"தெரியும். நாந்தான் சொன்னேன்."

வீடியோ எடுக்கவில்லை. ஈப்போ டோலைத் தாண்டினோம். ரூபி அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னார்: "எல்லாரையும் காப்பாத்திட்டேன்னு நெனச்சேன் தம்பி."

அடுத்த வாரமே அவர் சர்ச் கமிட்டிச் செயலாளருக்கு போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டது. செயலாளருக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, கல்லுக்கு ஆர்டர் குடுத்தாச்சி லா! ஜனங்களுக்கு இது ஒரு நல்ல சாட்சி. இப்ப போய் இல்லைன்னா எப்படி?"

"நல்ல சாட்சிதான் பிரதர். ஆனா பொய் சாட்சி. அது பத்துக் கட்டளையில இருக்கு."

"கமிட்டியில கேட்டுச் சொல்றேன்க்கா" என்று செயலாளர் போனை வைத்தார்.

விழா நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. மூன்று நாவல்களைப் பற்றியும் நான் பேசி முடித்ததும், ஆசிரியர்கள் மூவரையும் மேடைக்கு அழைத்தார்கள். ரூபி அக்கா மைக்கைப் பிடித்தார். வழக்கமாக கிளையண்ட் வீட்டில் அருவி மாதிரி கொட்டுகிறவர், அன்று வார்த்தை வார்த்தையாகத்தான் பேசினார். சிலிங் இல்லை என்று சொன்னார். மணி அடித்தது என்று சொன்னார். முன் பெஞ்சைச் சொன்னார். பெயர் எதுவும் சொல்லவில்லை. "அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்கள் ஒளியத் தெரியாதவர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடிவந்தவர்கள்" என்று முடித்தார்.

கைதட்டுவதா வேண்டாமா என்று மண்டபத்துக்குத் தெரியவில்லை. கடைசி வரிசையில் ஒரு இளம்பெண் எழுந்து நின்று கைதட்டினாள். பக்கத்தில் சூசை ஐயா, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேத்தியிடம் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

தேநீர் நேரத்தில் நடுவர்களில் ஒருவர் வந்தார். "அப்படின்னா ஒங்க நாவலே பொய்ன்னு ஆயிடுதே சிஸ்டர்?"

"நாவல் பொய்யில்லைங்க சார்" என்றார் ரூபி அக்கா. "பின்னட்டைதான் பொய்."

பரிசு காலரா நாவலுக்குப் போனது. நியாயமான தேர்வுதான். ரூபி அக்கா நன்றாகவே கைதட்டினார். மிச்சமிருக்கும் பிரதிகளில் அந்தப் பின்னட்டை வரியின்மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்கிறார். கல்லையும் மாற்றிவிட்டார்கள். இப்போது அதில் ஒளிந்தவர்கள் இல்லை. இந்தத் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் நினைவாக என்று மட்டும் இருக்கிறது. செல்விதான் பாவம். வருகிறவர்களுக்கு இரண்டு கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறதாம்.

எனக்கு ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. மணி அடிக்காத ஒரு சர்ச்சைக் கேள்விப்பட்டதும் ரூபி அக்காவின் மனசு ஏன் நேராக ஒரு வீரரிடம் ஓடியது? என் மனசும் அங்கேதானே ஓடியிருக்கும்? நமக்குத் தெரியாத இடத்தையெல்லாம் நல்லவர்களை வைத்து நிரப்பிவிடுகிறோமே... அது நம்பிக்கையா, சோம்பலா?

ரூபி அக்கா அடுத்த நாவலைத் தொடங்கிவிட்டார். இந்த முறை மணி அடித்தவரைப் பற்றி. சூசை ஐயாவிடமும் லூமுட் பேரனிடமும் கேட்டுக்கொண்டுதான் தொடங்கினார். எங்கே வரைக்கும் வந்திருக்கிறது என்று முந்தாநாள் போனில் விசாரித்தேன்.

"தெனமும் ஒக்கார்றேன் தம்பி. போன கதையில வந்த உபதேசியாரு பக்கம் பக்கமா பேசுனாரு. இவரு வாயவே தெறக்க மாட்டேங்கிறாரு."

வீரர்கள் கதையில் மளமளவென்று பேசிவிடுகிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்குத்தான் கொஞ்சம் நேரம் ஆகும் போல!