என் பழைய எண் ஆம்பூரில் இருந்தது

வேலூர் லாங் பஜாரில் இருக்கும் சிம் கடையிலிருந்து இரண்டாம் நாளும் வெறுங்கையோடு நடந்தேன். மஸ்கட்டில் சிமெண்ட் கலந்து கலந்து என் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேகை பார்க்கும் கருவி பத்து விரலையும் ஏற்கவில்லை. "புதுத் தோலு வளந்து வரட்டும், ஒரு மாசம் கழிச்சி வாப்பா," என்றார் கடைக்காரர்.

மஸ்கட்டில் என் போன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து நொறுங்கியது. தங்கை செல்வியின் எண்ணும் அதோடு போயிற்று. அவள் கணவனோடு சூளை சூளையாகச் செங்கல் அறுக்கப் போகிறவள், விலாசம் கிடையாது. அவளிடம் இருந்தது என் இந்திய எண் ஒன்றுதான். சிம் பிழைத்திருந்ததால் ரீசார்ஜ் செய்யப் பார்த்தேன். பணம் கட்டுவதற்கான ஓடிபி அந்த சிம்முக்கே வரும். எங்கள் கேம்பில் அந்த சிம்முக்கு சிக்னல் கிடையாது. இப்படியே மாதங்கள் போய் எண் செத்தது. பிறகு அதை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

முந்தின நாள் மாலை கடைக்காரர் தன் போனிலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டுக் கொடுத்தார். எடுத்தவள் ரெஹானா, ஆம்பூரில் ஷூ தைக்கும் பெண். என் தங்கை பேசினாளா என்று கேட்டேன். "நாளிக்கி அஞ்சரைக்கு கம்பெனி கேட்டாண்ட வாங்க. போன்ல வேணாம்."

ஆம்பூர் கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீட்டர். பள்ளிகொண்டா தாண்டியதும் ஜன்னல் பக்கம் பாலாறு மணலாகவே கூட வந்தது. மாதனூருக்கு அப்பால் தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் பஸ்ஸுக்குள் ஏறியது. பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திய என்னைப் பார்த்து, "ரெண்டு நாள் இருந்தா பிரியாணி வாசனையாட்டம் ஆய்டும்," என்றார்.

ஐந்தரைக்கு சங்கு ஊதியது. பெண்கள் கேட்டில் வரிசையாக நின்று போனை வாங்கிக்கொண்டார்கள். வேலை நேரத்தில் யாரும் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. காவலாளி வாங்கி, நம்பர் போட்ட மரத்தட்டில் வைப்பார்.

ரெஹானாவோடு அவள் கணவரும் பைக்கில் காத்திருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு மாசம் எங்க ஊட்ல பேஜார் பண்ணது நீதானா? நெசமாவே ஒரு அண்ணன் இருக்கான்மே!"

"நான் சொல்லச் சொல்ல நம்பல இவுரு," என்றாள் ரெஹானா. "பகல்லயே போன் வரும்ண்ணா. சாயங்காலம் பார்த்தா மிஸ்டு கால். யாரோ லோன்காரங்கன்னு உட்டுட்டேன். ஒரு ஞாயித்துக்கெழம எடுத்தேன். 'எங்கண்ணன் கிட்ட குடு'ன்னு ஒரே அழுக. இங்க யாரும் இல்லன்னா நம்பல. 'நீ யாரு, அவன் பொண்டாட்டியா'ன்னு கேக்குறா. இவுரு காதுல உழுந்துது. அவ்ளோதான். அந்த நம்பர அழிச்சிட்டுதான் மறுவேலன்னு சண்ட. அழிச்சிட்டேன்."

"எங்க இருக்கேன்னு சொன்னாளா?"

"சூளை மாறி ஆந்திரா பக்கம் போறோம்னா. ஊர் பேரும் சொன்னாண்ணா. மனசுல நிக்கல." அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள். "பொறவு அவ போன் வரல."

ரேகை தேய்ந்து எனக்கு சிம் கிடைக்காததைச் சொன்னேன். கணவர் பைக் சாவியைத் திருகிக்கொண்டே கேட்டார். பிறகு, "ஒரு சிம் எம்பேர்ல எடுத்துத் தர்றேன்பா," என்றார்.

"தங்கச்சிக்குத் தெரிஞ்சது இந்த நம்பர்தான். அவ கூப்புடறதும் பகல்லதான்," என்றேன்.

அவர் இறங்கிப் போய்க் காவலாளியிடம் வெகுநேரம் உருதுவில் பேசினார். திரும்பி வந்து, "இங்க போன் வாங்கி வெக்க ஒரு ஆள் வேணுமாம். சம்பளம் கம்மி. இன்னா சொல்ற?" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, அன்றிரவு பஸ் நிலையத்தில் படுத்தேன்.

காலை ஏழரைக்கு மரத்தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். போன்களை வாங்கி, டோக்கன் கொடுத்து, அடுக்க வேண்டும். போன் மணி அடித்தால் எடுக்கக் கூடாது. ரெஹானா தன் போனை நீட்டி, "சவுண்டு வெச்சிருக்கேண்ணா. இத மட்டும் எடு. காவலாளி தாத்தாவுக்கு சொல்லியாச்சி," என்றாள்.

திரை எனக்குத் தெரிகிற மாதிரி அதை வைத்துவிட்டு, அடுத்தவர் போனுக்குக் கை நீட்டினேன்.