காப்பு கட்டிய எட்டு நாள்

என் அக்காவை நர்சம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டபோது ஊரில் பலரும் உச்சுக் கொட்டினார்கள். கூடப்பிறந்தவளுக்கு ஒரு வாய்ச் சோறு போட முடியாதவன் என்று பேச்சு. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மாமா போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். ஞாபகம் தப்ப ஆரம்பித்ததும் அடுப்பை எரியவிட்டுவிட்டு மிளகுத் தோட்டத்துக்குள் இறங்கிப் போய்விடுவாள். நானும் என் மனைவியும் காட்டு வேலையை விட்டுவிட்டு எத்தனை நாள் காவல் இருப்பது?

முதலில் கீழே டவுனில் ஒரு பெரிய முதியோர் இல்லத்தில்தான் சேர்த்தேன். ஒரே ஹாலில் வரிசையாகக் கட்டில்கள். மணி அடித்தால் சோறு, மணி அடித்தால் தூக்கம். பத்தாம் நாள் பார்க்கப் போனேன். சேலை முந்தியை வாயில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே கூட்டிக்கொண்டு மலையேறிவிட்டேன்.

நர்சம்மா எங்கள் ஊர்க்காரர். ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தன் வீட்டிலேயே நான்கு வயசாளிகளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு ஒரே ஒரு பெண். அக்கா ஐந்தாவது ஆள். அது பார்க்க எல்லா வீட்டையும் போல ஒரு வீடுதான். பசித்தவர் அடுப்படிக்குப் போகலாம். முடிந்தவர் மிளகில் காம்பு பொறுக்கலாம், முடியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்லலாம்.

ஒரு மாசம் கழித்துப் போனபோது வாசலிலேயே பேச்சுக் குரல் கேட்டது. அங்கிருந்த பெரியவர் ஒருவர் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்கம்மா, இந்தக் காப்பியில சக்கர போட்டீங்களா, இல்ல டப்பாவ மட்டும் காட்டுனீங்களா?"

"உங்களுக்கு சுகரு. காட்டுனதே சாஸ்தி" என்றாள் அக்கா.

அவள் அப்படி வாயாடிக் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. அன்றைக்கு மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

பங்குனியில் அம்மன் திருவிழாவுக்கு நோன்பு சாட்டினார்கள். எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. காப்பு கட்டும் நேரத்தில் யார் ஊருக்குள் இருக்கிறார்களோ, அவர்கள் எட்டாம் நாள் காப்பு அவிழ்க்கும் வரை வெளியூரில் ராத் தங்கக் கூடாது. காப்புக்குள் ஊரில் சாவு விழுந்தால் நோன்பு நின்றுவிடும். போன வருஷம் நர்சம்மா வீட்டில் ஒரு பெரியவர் மூன்றாம் நாள் தவறிவிட்டார். நோன்பு நின்றது. அதனால் இந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் முதல் பேச்சே அந்த வீட்டைப் பற்றித்தான்.

"எட்டு நாளைக்கு அவங்கள வேற எங்காச்சும் வெச்சுக்கம்மா" என்றார் ஊர்ப் பெரியவர்.

"ஊட்டுக்கு ஊடு வயசானவங்க இருக்கறாங்களேங்க. அவங்களையும் வண்டியில ஏத்தி உடுவீங்களா?" என்று கேட்டார் நர்சம்மா.

"அது அந்தந்த ஊட்டுச் சாமி பாத்துக்கும். நீ அஞ்சு பேர ஒரே கூரைக்குள்ள வெச்சிருக்கறே."

எனக்கும் அம்மன் காரியம் நிற்கக் கூடாது என்றுதான் இருந்தது.

நர்சம்மா மலையடிவாரத்துக் காரவள்ளியில் ஒரு வீட்டை எட்டு நாளைக்குப் பேசி, வேனும் ஏற்பாடு செய்தார். அக்காவை மட்டும் நான் அனுப்பவில்லை. நோன்பு நாளில் உடன்பிறந்தவள் எங்கோ போய்க் கிடப்பதா? எங்கள் வீட்டில் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

"அவங்க நாலு பேரும் எங்கண்ணுக்கு எதுத்தாப்பல இருக்கறாங்க, இவங்களும் இருக்கட்டுங்கண்ணா" என்றார் நர்சம்மா. நான் கேட்கவில்லை.

நர்சம்மாவையும் நால்வரையும் ஏற்றிக்கொண்டு வேன் போனது. சாயங்காலம் காப்பு கட்டினார்கள்.

மறுநாள் விடிந்ததும் அக்காவைக் காணோம். நர்சம்மா வீட்டுப் பூட்டிய கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். "உள்ள தூங்கறாங்க, சத்தம் போடாத" என்றாள். கூட்டி வந்தேன். மத்தியானம் திரும்பவும் போனாள். சோற்றைப் பிசைந்து கொடுத்தால், "அவங்களும் வரட்டும், சேந்து திங்கலாம்" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். மூன்றாம் நாள் தூறலில் நனைந்துகொண்டே அங்கே இருந்தாள்.

"பகல்ல கூட்டிட்டுப் போயி காட்டிட்டு வந்துருங்களேன்" என்றாள் என் மனைவி. எழுபது வளைவு இறங்கிப் போய், அவர்களைப் பார்த்த பிறகு பொழுது சாயும்முன் அவளைப் பிய்த்துக்கொண்டு எப்படி மலையேறுவது? காப்பு கட்டும்போது அவளை ஊருக்குள் வைத்திருந்தது நான்தான்.

பூசாரியிடம் போய் நின்றேன். "அம்மங்கிட்டயே கேட்டுருவோங்க" என்றார். அம்மன் தலையில் ஒரு பூவை வைத்தார். வலது பக்கம் விழுந்தால் அக்காவை அனுப்பலாம், இடது பக்கம் விழுந்தால் கூடாது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உச்சி பூசைக்கு ஆட்கள் வந்து, பூசை முடிந்து போயும்விட்டார்கள். பூ விழவேயில்லை.

"என்னங்க பண்றது?" என்றேன்.

"அவ வாயத் தொறக்கலீன்னா நான் என்னத்தச் சொல்றதுங்க?" என்றார் பூசாரி.

அம்மனை மீற எனக்குத் தைரியம் இல்லை. இன்றைக்கும் இல்லை.

ஐந்தாம் நாள் அக்கா அந்த வீட்டுக்குப் போகவில்லை. அப்பாடா என்று இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அவளால் எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டினேன். சாப்பிடாததால் வந்த அசதி, கஞ்சி கொடுங்கள் என்றார்கள். கஞ்சி கடைவாயில் வழிந்தது.

எட்டாம் நாள் காப்பு அவிழ்த்தார்கள். நோன்பு குறையில்லாமல் முடிந்தது என்று ஊரே சந்தோஷப்பட்டது. மறுநாள் காலை வேன் வந்தது. நானும் என் மனைவியும் அக்காவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். நர்சம்மா அவள் கணுக்காலை அமுக்கிப் பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார்.

"படுத்த படுக்கையா இருக்கறவங்கள என்னால வெச்சுக்க முடியாதுங்கண்ணா. நாங்க ரெண்டே பேரு. தூக்கறதுக்கு ஆளில்லீங்க."

"அப்ப நான் எங்கம்மா கொண்டு போவேன்?"

அவர் அக்காவின் கலைந்த முடியை ஒதுக்கிவிட்டார். "ரெண்டு நாளு பாக்கலாங்க. தானா எந்திரிச்சு உக்காந்தாங்கன்னா இங்கயே இருக்கட்டும்."

அந்த இரண்டு நாளும் நான் காட்டுக்குப் போகவில்லை. முதல் நாள் முழுக்க அவள் கண்ணைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் காலையில் முதுகில் கை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தேன். மற்ற நால்வரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை எடுத்தேன். சாய்ந்தாள். மறுபடியும் நிமிர்த்தி உட்கார வைத்தேன். நர்சம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பது தெரிந்தது. இந்தத் தடவை கையை எடுக்காமல், எடுத்துவிட்ட மாதிரி வைத்துக்கொண்டேன்.