காற்றை அள்ள வந்த லாரி

மெத்தைக்காரர் தைத்த மெத்தையில் ஒருவன் படுத்தான், மூன்று நாள் தூங்கினான், வேலை போயிற்று. எழுந்ததும் முதல் காரியமாக இன்னொரு மெத்தைக்குச் சொல்லியனுப்பினான். அப்படிப்பட்ட கை அவருக்கு. வாய்தான் கிடையாது. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாததற்கு அதுதான் காரணம் என்பாள் கூடவே குடியிருந்த அக்கா.

அந்தச் சமயத்தில்தான் ஊருக்கே திடீரென்று புத்தி வந்தது. ஆள் நடந்தால் தானே பிரகாசிக்கும் தெருவிளக்கு, ஆம்புலன்ஸ் வருமுன்பே வழிவிடும் சிக்னல். மெத்தைக் கடை வாசலுக்கும் ஒரு பச்சைக் குப்பைத்தொட்டி வந்தது. மூடிக்குள் அதற்கொரு கண். குப்பை கழுத்தளவு வந்தால் அதுவே லாரிக்குத் தகவல் சொல்லிவிடும்.

முதல்முறை தொட்டி நிறைந்தது, லாரி வந்தது. கைவண்டிக்கே மூச்சு வாங்கும் சந்து அது. அதற்குள் லாரியைப் பின்பக்கமாக, ஊசியில் நூல் கோப்பதுபோல் நுழைத்துவிட்டு இறங்கினாள் ஒருத்தி. மெத்தைக்காரர் கையிலிருந்த ஊசி மெத்தைக்குள் விழுந்தது. இன்றுவரை கிடைக்கவில்லை, அந்த மெத்தையை வாங்கிப்போன புண்ணியவான் பாவம்.

சந்தில் இருந்ததோ நாலே வீடு. தொட்டி நிறைய ஒரு வாரம் ஆகும். ஒரு வாரமா! மெத்தைக்காரர் பஞ்சைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். இரண்டு கை பஞ்சை உதறிப் போட்டதும் மலைபோல் எழும்பியது. லாரி பறந்து வந்தது.

அப்புறம் கேட்பானேன்! தினம் ஒரு தரம் என்றிருந்தது, காலையும் மாலையும் என்றாயிற்று. அவள் தொட்டியைக் கவிழ்ப்பாள், அவர் நீட்டும் டீயைக் குடிப்பாள், "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்பாள். "ஆமா" என்பார். அந்த ஒற்றை ஆமாவிலேயே பொழுதெல்லாம் மிதப்பார்.

"குப்பைத்தொட்டிக்கு இருக்கற வாய்கூட உனக்கு இல்லையேடா! அதுகூட நிறைஞ்சா சொல்லிடுது!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அக்கா.

வினை முற்றியது. நகராட்சிக் கட்டுப்பாட்டு அறையின் வரைபடத்தில் நாலு வீட்டுச் சந்து மார்க்கெட்டைவிடச் சிவப்பாக எரிந்தது. அதிகாரிகள் அலறிப்போனார்கள். ஒரு மாலை, டீக்கோப்பையைச் சுழற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "இனிமே இங்க பெரிய லாரியாம். மீசைக்கார அண்ணன் ஓட்டுவாரு. நான் வரமாட்டேன்."

இன்று விட்டால் போயிற்று. ஜன்னலுக்குள் அக்கா காற்றாடி மாதிரி கையை ஆட்டினாள். மெத்தைக்காரர் கடைக்குள் ஓடி, இருந்ததிலேயே அழகான தலையணையைத் தூக்கி வந்து நீட்டினார்.

"இதையும் தொட்டியில போடவா?" என்றாள் அவள்.

"ஐயோ, உங்களுக்கு! டிரைவரம்மா... அந்தத் தொட்டியில குப்பையே இல்ல. பஞ்சு. நீங்க வரணும்னுதான் போட்டேன்."

அவள் போனை நீட்டினாள். "தொட்டி உயரத்தை மட்டுமா சொல்லுது? எடையையும் சொல்லுதே. ரெண்டாவது தடவையிலேருந்து எல்லாம் சைபர்."

"ஆபீஸ்ல கேக்கலையா?"

"அவங்க கலரை மட்டும்தான் பாக்குறாங்க."

"அப்ப... நீங்க ஏன் வந்தீங்க?"

"காத்தை அள்ள எவளாவது லாரி எடுத்துக்கிட்டு வருவாளா, மெத்தைக்காரரே? கொஞ்சம் யோசிங்க."

யோசித்தார். காது சிவந்தது. "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று சந்தே அதிரும்படி கத்திவிட்டார். சேர்த்து வைத்த நாற்பது வருஷத்துக் குரலல்லவா!

அவள் தலையணையை அமுக்கிப் பார்த்தாள். "ஒத்தைத் தலையணையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? இதோட ஜோடி எங்க?"

அக்கா எப்படி வாசலுக்கு வந்தாளோ தெரியாது. கதவென்னவோ சாத்தியபடியேதான் இருந்தது. ஜோடியைத் தைக்க மெத்தைக்காரர் மூட்டையை அவிழ்த்த வேகத்தில் சந்தெங்கும் பஞ்சு பறந்தது. அதில் ஒரு கொத்து தொட்டிக்குள் விழுந்திருக்க வேண்டும். ஊரின் மறுகோடியில், மீசைக்கார அண்ணன் பெரிய லாரியைக் கிளப்பினார்.