அத்தானின் காரில் அக்கா கழுவிய வயர்கள்

அத்தானுக்குப் பாரிசவாதம் வந்து அவர் கட்டிலோடு கிடந்த காலம் முழுவதும், அவர் ஹயர் ஓட்டிய வாடகைக் கார் குருநகர் வீட்டு முற்றத்தில் கடற்காற்றுக் குடித்துக்கொண்டு நின்றது. சண்டைக் காலத் தடையால் பெற்றோல் கிடைக்காத வருடங்கள் அவை. ஊர்க் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. இதுவோ, இரவல் பற்றரியைப் பூட்டித் திறப்பைத் திருப்பினாலும் வாய் திறக்கவில்லை. வயர் முனைகளெல்லாம் பச்சைக் களிம்பு.

துணி வராமல் அக்காவின் தையலும் படுத்துவிட்டது. அந்த வீட்டுக்கு மிச்சமிருந்த ஒரே பிழைப்பு கார்தான். அதையும், பழைய கார்களை உடைத்துப் பாகம் பாகமாக விற்கிற ஒருவருக்குக் கொடுக்க அத்தான் சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை இழுத்துக்கொண்டு போக வருவார்கள்.

அக்கா காரின் முன்மூடியைத் திறந்தாள். தையல் மேசையை முற்றத்துக்கு இழுத்தாள். முதல் வேலையாகப் பற்றரியைக் கழற்றித் தூர வைத்தாள். நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி மண்ணெண்ணெய்ப் போத்தலை நீட்டினேன். அப்போது எங்களுக்கு எல்லாவற்றுக்கும் மண்ணெண்ணெய்தானே!

"உனக்கென்ன விசரே? வயரைச் சுத்தியிருக்கிறது பழந்துணியடா. உதிலை ஊறவிட்டால் ஒரு பொறி காணும், காரோடை நானும் எரிஞ்சு போவன்."

வயர்களின் நிறமெல்லாம் கறுத்துப்போயிருந்தது. நானென்றால் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்திருப்பேன். அவளோ ஒவ்வொரு இணைப்பையும் கழற்றுமுன் இரண்டு பக்கமும் ஒரே துணியில் கிழித்த துண்டுகளைக் கட்டினாள். முன் லைற்றுக்குப் பூப்போட்ட சீத்தை, ஹோர்னுக்கு சேர்ச்சில் முதல்நன்மை வாங்கும் பிள்ளைக்குத் தைத்த சட்டையில் மிஞ்சிய சாட்டின். என்ன மூளையப்பா! பிறகு வினாகிரி தொட்ட பழைய பல் பிரஷ்ஷால் பித்தளை முனைகளை மட்டும் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து வெயிலில் விட்டாள்.

மறுநாள் பார்த்தால் முனைகளில் வெள்ளை பூத்திருந்தது. அக்கா விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கருவாட்டுக்கு உப்புப் பார்த்துப் பழகிய நாக்கு.

"சீ! எங்கடை கிணத்துத் தண்ணியிலை எல்லோ துடைச்சனான். உப்பைக் கழுவ உப்பையே பூசியிருக்கிறன்."

அழப்போகிறாள் என்று பயந்தேன். அவள் சிரித்தாள். "நிண்டு பாக்கிறாய்? ஓடிப்போய் நல்ல தண்ணி கொண்டா." உவரில்லாத கிணறு தேடிச் சைக்கிளில் பிளாஸ்ரிக் கான் கட்டிக்கொண்டு போய்வந்தேன். ஒரு முனை விடாமல் எல்லாவற்றையும் திரும்பவும் துடைத்தாள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் கிறீஸை மெல்லிசாகப் பூசி, துணி பார்த்துத் துணி சேர்த்தாள். அந்தப் பொறுமையில் கால்வாசி எனக்கில்லை; இன்றைக்கும் இல்லை.

சனிக்கிழமை உழவு இயந்திரமும் கயிறுமாக அந்த மனிதர் வந்து அத்தானின் கட்டிலருகே இருந்து கதைத்துக்கொண்டிருந்தார். வெளியே அக்கா பற்றரியைப் பூட்டினாள். ஹோர்னை அமத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. ராங்கில் மண்ணெண்ணெய்தான்; கிளப்புவதற்கு மட்டும் இரந்து வாங்கிய இரண்டு சொட்டுப் பெற்றோலை நான் காபரேற்றரில் விட, கார் இருமி, உதறி, பிடித்துக்கொண்டது.

நான் உள்ளே ஓட, அத்தான் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினார். பாதி வாயால் அந்த மனிதரிடம், "தம்பி, கயித்தைச் சுத்துங்கோ. கார் விக்கேல்லை" என்றார்.

"ஆரண்ணை ஓட்டுறது? நீங்களே?"

"என்ரை மனுசி. நான்தான் பழக்கினனான். இவ்வளவு நாளும் றோட்டிலை விடேல்லை." அத்தானின் கண் கலங்கியிருந்தது. "என்னை ஒருக்கால் தூக்கிக் கொண்டுபோய்ப் பின் சீற்றிலை இருத்துங்கோ. முதல் ஹயர் நான்தான்."