கங்கம்மாவுக்குக் கட்டிய புடவை

கோவர்த்தனனுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டது. பிள்ளை பிழைத்தால், கல்யாணம் ஆகும்வரை வருடா வருடம் திருப்பதி கங்கம்மா கோயில் ஜாத்திரைத் திருவிழாவுக்குப் புடவை கட்டி அழைத்து வருகிறேன் என்று அவன் அம்மா சந்திரம்மா வேண்டிக்கொண்டாள். ஆண்பிள்ளைகள் பெண்வேஷம் கட்டி அந்தத் தாய்க்கு நேர்த்திக்கடன் தீர்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். யாரும் சிரிக்க மாட்டார்கள். வேஷம் கட்டியவன் காலில் பெரிய மனுஷர்களே விழுவார்கள்.

நகரிக்குப் பக்கத்தில் மணிலாக்கொட்டை பயிரிடும் குடும்பம். ஜாத்திரையன்று சந்திரம்மா மகனுக்கு மஞ்சள் பூசி, மை தீட்டி, கொசுவம் மடித்துச் சொருகி, திருஷ்டி கழிப்பாள். மறுநாள் அதே பையன் கொஞ்சம் ஒய்யாரமாக நடந்துவிட்டால் போதும், முதுகில் துடைப்பம் விழும். "ஆம்பளையா லட்சணமா நட்றா. ஊரே சிரிச்சிக்கினு கீது" என்பாள். நேற்று கும்பிட்ட ஊர்தான் இன்று சிரிக்கிறதாம். இந்த நியாயம் பையனுக்கு எங்கே புரியும்? புடவையில் இருக்கும்போதுதான் அவனுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. மீசை அரும்பிய வருடம், ஜாத்திரைக் கூட்டத்தில் பம்பை அடித்துக்கொண்டிருந்த ஒருவன் தன்னையே பார்த்தபோது அவன் உடம்பெல்லாம் நடுங்கியது. சாமி வந்துவிட்டது என்று பக்கத்தில் இருந்தவர்கள் கற்பூரம் காட்டினார்கள். சாமி இல்லை என்று அவனுக்குத் தெரியும். அன்றைக்குப் பிடித்த அவமானம் பிறகு அவனை விடவேயில்லை.

ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த வருடம், திருத்தணிப் பக்கத்துத் தாட்சாயணியை அவனுக்குக் கட்டிவைத்தார்கள். வேண்டுதலும் அதோடு முடிந்தது. அவள் நல்லவள், கெட்டிக்காரி. அவனும் அவளை ஒரு வார்த்தை கடிந்ததில்லை. ஆனால் பாயில் படுத்தால் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வருடங்கள் ஓடின, குழந்தை இல்லை. சந்திரம்மா மருமகளை வாய்கூசாமல் மலடி என்றாள். உண்மை அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சோற்றுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்த மாட்டான்.

எல்லைத் தகராறு தீர்ந்து திருத்தணி மதராசோடும் நகரி ஆந்திராவோடும் நின்ற வருடம், தாட்சாயணியைப் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிட்டு வேறு பெண் பார்ப்பதென்று சந்திரம்மா முடிவு கட்டினாள். ஜாத்திரை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றான் கோவர்த்தனன். கங்கம்மா கனவில் வந்து மறுபடி புடவை கட்டச் சொன்னாள் என்று ஒரு பொய்யும் சொன்னான். சாமி பெயரில் பொய் சொல்லும் அளவுக்கு அந்தப் புடவைக்கு ஏங்கிப் போயிருந்தான், பாவி.

தாட்சாயணி அதை நம்பித் தன் கூறைப்புடவையையே எடுத்து வந்தாள். கோயிலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், அவளே கட்டிவிட்டாள். தன் வளையல்களைக் கழற்றி அவன் கையில் ஏற்றினாள். அவன் முகம் மலர்ந்தது. கல்யாணம் ஆன நாளாய் அவள் பார்த்திராத முகம். அவள் கை சற்று நின்றது. பிறகு பொட்டு வைத்தாள்.

கூட்டத்தில் பெண்கள் ஒவ்வொருவராக அவன் காலைத் தொட்டு வரம் கேட்டார்கள். கடைசியில் தாட்சாயணியும் விழுந்தாள்.

"தாயே, எங்க வூட்டுக்காரருக்கு என்னக் கண்டா ஆச வர்ல. எங்கிட்ட இன்னா கொற கீது? நீயே சொல்லு."

பக்கத்தில் சந்திரம்மா கைகூப்பி நின்றிருந்தாள். வரம் கேட்டால் வேஷம் கட்டியவன் வாய் திறந்துதான் ஆக வேண்டும்; அது அவன் பேச்சு இல்லை, சாமி வாக்கு. வேட்டியில் இருந்தபோது வராத வார்த்தை புடவையில் வந்தது.

"உங்கிட்ட ஒரு கொறயும் இல்லம்மா. கொற அவங்கிட்டதான். உன்ன யாரும் வூட்ட வுட்டு அனுப்பக் கூடாது."

சந்திரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் கோவர்த்தனன் வேட்டி சட்டையில் இருந்தான். காதோரம் மட்டும் மஞ்சள் போகவில்லை. சந்திரம்மா அவனையே வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "சாமி இன்னாடா சொல்லிச்சி? உனுக்கு நெனப்பு கீதா?"

எதிரே கூறைப்புடவையை மடித்துக்கொண்டிருந்த தாட்சாயணி நிமிர்ந்தாள்.

"ஒண்ணும் நெனப்பில்லம்மா" என்றான்.

"எனுக்கு நெனப்பு கீது அத்த" என்றாள் தாட்சாயணி, அவனைப் பார்த்தபடியே. அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான், பாயில் திருப்பிக்கொள்வது போலவே.